ஆறு பேருக்கு வெளியே

நாரேயை எங்கள் அணி ஆசைப்பட்டு அழைத்து வரவில்லை. ஈடாகக் கிடைத்தாள்.

எங்கள் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் அப்படி ஒரு விதி. ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரம் ஒருத்தியை ஓர் அணி இன்னோர் அணியிடமிருந்து இழுத்துக்கொண்டால், இழந்த அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். இழுத்த அணி தன்னிடம் இருப்பவர்களில் ஆறு பேரை மட்டும் 'இவர்களைத் தொடாதே' என்று எழுதி அனுப்பும். அந்த ஆறு பேருக்கு வெளியே இருக்கிற யாரை வேண்டுமானாலும் மற்ற அணி தூக்கிக்கொள்ளலாம். யாரும் தேவையில்லை என்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். பட்டியலைப் பெண்களுக்குக் காட்டுவதே இல்லை. காலையில் ஓர் ஊரில் பல் தேய்த்தவளுக்குச் சாயங்காலம் வேறோர் ஊரில் சாப்பாடு என்று போன் வரும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பதினெட்டு வயதில் லீக்குக்குள் வந்த நாரே, இருபத்துமூன்றுக்குள் இப்படி இரண்டு முறை கைமாறிவிட்டாள். இரண்டாவது கைமாற்றத்தில்தான் எங்களிடம் வந்தாள். அதன்பிறகு எட்டு வருடம் இங்கேயேதான்.

நான் தென்கொரியாவின் வோன்ஜு ஊரில் அணி விடுதியின் சமையல்காரி. இருபது வருடமாக எல்லாப் பெண்களுக்கும் சித்தி. அணியை நடத்துவது ஒரு பால் நிறுவனம் என்பதால் என் ஃபிரிட்ஜில் காய்கறி வைக்க இடமில்லாமல் பால் பாக்கெட்டாக அடைந்து கிடக்கும். எனக்குக் கூடைப்பந்து தெரியாது என்று அணியின் பயிற்சியாளர் தாக் கோச் அடிக்கடி சொல்வார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பயிற்சிக் கூடம். இருபது வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தவளுக்குத் தெரியாதது அவருக்கு மட்டும் என்ன தெரிந்துவிடும்?

களத்தில் ஐந்து பேர் நிற்பார்கள், ஐந்து இடத்துக்கும் எண் உண்டு. ஒன்றாம் எண்தான் பந்தைக் கொண்டு வருகிறவள். யார் எங்கே ஓட வேண்டும், பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள்தான். நாரே பள்ளியிலிருந்து வந்தது அந்த இடத்துக்காக. ஆனால் எங்களிடம் வந்த முதல் மாதமே இரண்டாம் எண்காரிக்கு விரல் ஒடிந்தது. தாக் கோச் நாரேயை அங்கே நிறுத்தினார், நன்றாக ஆடினாள். அடுத்த வருடம் மூன்றாம் எண்காரி கல்யாணம் செய்துகொண்டு போனாள். அங்கேயும் நாரே. அதற்கடுத்த வருடம், அவளைவிட ஒரு ஜாண் உயரமான பெண்களோடு கூடைக்கடியில் முட்டி மோதும் நான்காம் எண். அங்கேயும் நின்றாள். ஆட்டம் முடிந்து வந்தால் என் ஃபிரீஸரில் நெத்திலிப் பையை ஒதுக்கிவிட்டு ஐஸ் எடுத்து முழங்காலில் கட்டிக்கொள்வாள்.

"நாரே இருக்கா, எனக்கென்ன கவலை? எங்க போட்டாலும் ஆடுவா" என்று தாக் கோச் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள வைத்திருந்தார்கள் அந்தப் பெண்ணை. அவளும் வாயைத் திறக்காமல் சொன்ன இடத்தில் எல்லாம் போய் நின்றாள்.

போன வருடம் வசந்தத்தில் மோக்போ அணியிடமிருந்து மிரான் என்ற பெரிய நட்சத்திரத்தை எங்கள் ஆட்கள் இழுத்தார்கள். ஆறடி இரண்டங்குலம், லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுப்பவள். ஆகவே மோக்போவுக்குப் பட்டியல் போனது. விடுமுறை முடிந்து பெண்கள் விடுதிக்குத் திரும்பிய வாரம் அது. ஆளாளுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சோயா விழுது சூப்பைச் சீண்ட ஆள் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் தாக் கோச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"யாரும் போக வேணாம்! மோக்போக்காரன் பணமே போதும்னுட்டான்!" என்றவர், தட்டோடு வரிசையில் நின்ற நாரேயின் தோளைத் தட்டினார். "உன்னை நெனச்சுத்தாம்மா ரெண்டு நாளா பயந்துட்டு இருந்தேன். பொழைச்சோம்!"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைக்க இரண்டு விநாடி பிடித்தது.

"அப்ப அந்த ஆறு பேர்ல நான் இல்ல" என்றாள் நாரே.

"அது ஒரு கணக்கும்மா. ஹேவோன் மாதிரி சின்னப் பிள்ளைங்களை வெளிய விட்டா உடனே கொத்திட்டுப் போயிடுவான். உனக்கு முப்பத்தொண்ணு, முழங்கால் வேற, ஒப்பந்தமும் ஒரு வருஷந்தான் பாக்கி. உன்னை எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்."

"நீங்க நெனச்சது சரிதான் கோச். எடுக்கல."

அவர் வந்த வழியே போனார். நாரே என் பக்கம் தட்டை நீட்டினாள். "சித்தி, சோறு இன்னும் கொஞ்சம்."

நான் போட்டேன். எல்லோரும் எழுந்து போனபிறகும் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு தடவை என்னைத் தூக்கிட்டுப் போனாங்க சித்தி. அப்பல்லாம் அழுதேன். ஆனா யாரோ ஒருத்தர் என்னைக் கேட்டாங்க, இல்ல? இந்தத் தடவை இவங்க வெளிய வெச்சாங்க, அவங்க சும்மா குடுத்தும் வேணாம்னுட்டாங்க."

"விடுடி, அவனுங்களுக்குக் கண்ணு இல்ல."

"கண்ணு இருக்கு. அவங்க பாத்தது நாலு எடத்துல நிக்கிற ஒருத்தியை. அவ யாருக்கும் அவசரமா தேவைப்பட மாட்டா. எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு சித்தி. ஒண்ணாம் எண்ணா ஆடிட்டுத்தான் இந்த ஷூவைக் கழட்டுவேன்."

அன்று சாயங்காலம் கோச் அறைக்கு நான் பார்லி தண்ணீர் கொண்டுபோனேன். யாரும் கேட்கவில்லை, ஒட்டுக் கேட்கத்தான் போனேன். நாரே உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க சொன்ன எடத்துல எல்லாம் நின்னேன். இந்த வருஷம் ஒண்ணாம் எண் மட்டுந்தான் கோச்."

"ஹேவோனை என்ன பண்றது? இப்ப ஒண்ணாம் எண் அவதானே. பால் பாக்கெட்ல அவ படம் போட்டிருக்கு. ரசிகருங்க அவ பேர்ல எல்லாருக்கும் காபி குடுக்க மைதான வாசலுக்கு வண்டி அனுப்பறாங்க. அவளை உக்கார வெச்சா நிர்வாகம் என் தலையை உருட்டிடும்."

"அவகிட்ட தோத்தா நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன். வேற எடத்துக்கு மட்டும் அனுப்பாதீங்க. தினம் மதியம் பயிற்சி ஆட்டத்துல ரெண்டாம் அணியை என்கிட்ட குடுங்க. ஆகஸ்ட் முடியறப்ப பாத்து முடிவு பண்ணுங்க."

"ரெண்டாம் அணியா? அதுல யார் இருக்கா?"

"உங்க பட்டியலுக்கு வெளிய இருக்கறவங்க எல்லாரும்."

கோச் சரி என்றார். குற்ற உணர்ச்சியில் சொன்னாரா, ஒரு வாரத்தில் அவளே சலித்துப்போவாள் என்று சொன்னாரா, தெரியாது.

பட்டியலை யாரும் பார்க்கவில்லை, ஆனால் கணக்குப் போடத் தெரியாதவள் யார்? தான் வெளியே என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. அதில் தாசோம் என்று ஒரு பெண். இருபது வயது, மிரானைவிட ஓர் அங்குலம் கூடுதல் உயரம். மூன்று வருடமாக விடுதியில் பால் குடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கையில் எது கொடுத்தாலும் நழுவும். என்னிடம் மட்டும் பதினோரு கிண்ணம் உடைத்திருக்கிறாள், பந்தையா பிடிப்பாள்?

ஜூன் மாதம் முழுக்க நாரேயின் அணி முதல் அணியிடம் உதை வாங்கியது. ஜன்னல் வழியாகப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. நாரே பந்தைக் கொடுப்பாள், தாசோம் கோட்டை விடுவாள். "மன்னிச்சுக்கோங்க அக்கா, மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை குனிவாள்.

ஒரு நாள் நாரேக்கே பொறுக்கவில்லை. "மன்னிப்புக் கேக்கற நேரத்துல திரும்பி ஓடுடி! உன் மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன கூழா காய்ச்சப் போறேன்?"

ஆனால் அன்றிலிருந்து நாரே வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போதுகூட தாசோமையே கவனித்தாள். ஜூலையில் ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னாள்: "சித்தி, அவளுக்கு நெஞ்சு உயரத்துல குடுத்தா பந்து தெரியல. தலைக்கு மேல குடுத்தா கண்ணை மூடிக்கிட்டே பிடிக்கிறா. அதுவும் எடது கால் தரையில இருக்கறப்ப குடுக்கணும். மூணு வருஷமா எல்லாரும் அவளுக்குத் தப்பான எடத்துல பந்தைக் குடுத்துட்டு அவளைத் திட்டியிருக்கோம்."

அதன்பிறகு பந்து தலைக்கு மேலேதான் போனது. ஜூலை கடைசியில் முதல் தடவை முதல் அணியைத் தோற்கடித்தார்கள். ஒரு புள்ளியில்தான், அதற்கே கோப்பை வாங்கியது போலக் கத்தினார்கள். ஆகஸ்டின் கடைசி வாரத்தில் ஐந்து ஆட்டத்தில் நான்கு அவர்களுடையது. ஹேவோனுக்கு நாரே தண்ணி காட்டினாள். அந்தச் சின்னப் பெண் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து, "அக்கா, நாளைக்கு உங்களை விட மாட்டேன்" என்றாள். "விட்டா உதைப்பேன்" என்றாள் நாரே.

முதல் ஆட்டத்துக்கான ஐந்து பெயர்களை எப்போதும் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒட்டுவார்கள். நவம்பரில் முதல் வரியில் 'ஒன்று' என்ற எண்ணுக்கு எதிரே நாரே பெயர் இருந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

முதல் பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்தோம். நாரே பந்தைக் கொடுப்பாள், மிரான் போடுவாள், அவ்வளவு எளிதாக இருந்தது. கண் பட்டதோ என்னவோ, டிசம்பர் பாதியில் மிரான் குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகியது. அந்த சீசனுக்கு அவள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாக் கோச் நாரேயைத் தேடி வந்தது என் சமையலறைக்குத்தான். அவள் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாரே, வேற வழி இல்ல. கூடைக்கடியில நீ போ. பந்தை ஹேவோன் கொண்டு வரட்டும். அணிக்காகத்தானே கேக்கறேன்."

"மாட்டேன் கோச்."

எங்கள் ஊரில் கோச்சிடம் இப்படி யாரும் பேச மாட்டார்கள். ஊறவைத்த கிம்ச்சிக் கோஸை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அப்ப பெஞ்சுல உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாரே உட்கார்ந்தாள். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றோம். இன்டர்நெட்டில் அவளைச் சுயநலக்காரி, கிழவி என்று எழுதினார்கள். விடுதியில் அவள் உட்காரும் மேஜையில் மற்றவர்கள் உட்காரவில்லை, தாசோமைத் தவிர. நானும் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அவள் தட்டில் மீனை வைத்துக்கொண்டே, "எல்லாரும் உன்னாலதான் தோக்கறோம்னு பேசறாங்க. கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சிடும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

"நீங்களுமா சித்தி? எட்டு வருஷம் விட்டுக்குடுத்துத்தான் அந்தப் பட்டியலுக்கு வெளிய போய் நின்னேன். சரி, நான் கூடைக்கடியில போறேன்னே வெச்சுக்கோங்க. நாலு ஆட்டம் சமாளிப்பேன், அஞ்சாவதுல கால் போயிடும். அங்க நிக்க வேண்டியவ இதோ என் பக்கத்துல உக்காந்து ரெண்டாவது மீனை முழுங்கிட்டு இருக்கா. அவளை அங்க நிக்க வெக்கறதுதான் ஒண்ணாம் எண்ணோட வேலை. கோச் அதைக் கேட்க மாட்டேங்கறார், நான் என்ன செய்ய?"

தாசோம் வாயில் மீனோடு திருதிருவென்று விழித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இருபது வருடம் ஜன்னலில் நின்று பார்த்த பெருமையெல்லாம் அன்றோடு சரி.

ஆறாவது ஆட்டத்தில் ஹேவோன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி, விதிப்படி வெளியே வந்தாள். நான்காம் எண்காரிக்கும் ஐந்து ஃபவுல் ஆகிவிட்டது. எட்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மிச்சம் இருந்தவர்களில் பந்தைக் கொண்டு வரத் தெரிந்தவள் நாரே ஒருத்தி, உயரம் உள்ளவள் தாசோம் ஒருத்தி.

"ரெண்டு பேரும் போங்க" என்றார், வேண்டா வெறுப்பாக.

ஏழு நிமிடத்தில் தாசோம் பன்னிரண்டு புள்ளி எடுத்தாள். பந்து ஒவ்வொன்றும் தலைக்கு மேலே, இடது கால் தரையில் இருக்கும்போது. எதிர் அணிக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம். நாரே தன் கையால் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மறுநாள் கதவில் ஒன்றுக்கு எதிரே அவள் பெயர், இரண்டுக்கு எதிரே ஹேவோன்.

"இது தற்காலிகந்தானே அக்கா?" என்று ஹேவோன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அது உன் கையில இருக்கு. என் எடம் வேணும்னா என்கிட்ட இருந்து பிடுங்கணும். நானா விட்டுக்குடுக்க மாட்டேன்."

மார்ச்சில் கடைசி லீக் ஆட்டம். எங்கள் ஊரில், அதுவும் மோக்போவோடு. ஜெயிக்கிறவர்கள் நான்காம் இடம் பிடித்து பிளேஆஃப் சுற்றுக்குப் போவார்கள், தோற்கிறவர்கள் வீட்டுக்கு. நான் சமையலறையைப் பூட்டிவிட்டு பெஞ்சுக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாரேயின் முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. மூன்றாவது குவார்ட்டரிலேயே நொண்ட ஆரம்பித்துவிட்டாள். மோக்போவின் பெரிய பெண்கள் தாசோமை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பதினோரு விநாடி மிச்சம். தாக் கோச் ஆட்டத்தை நிறுத்திவைக்கக் கேட்டார்.

ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் வெள்ளைப் பலகையில் வரைய ஆரம்பித்தார். ஒரு கோடு, அதை அழித்தார். இன்னொரு கோடு, அதையும் அழித்தார். பிறகு மார்க்கர் பேனாவை நாரேயிடம் நீட்டினார்.

"நீ வரை" என்றார்.

அந்த மனிதர் பலகையைத் தன் உதவிக் கோச்சிடம்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாரே ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

"ஹேவோன், நீ மூலைக்கு ஓடு. பந்து உனக்குத்தான்னு எல்லாரும் நம்பணும், கையைத் தூக்கிக் கத்து. உன்னைப் பாத்து ஒருத்தி நகருவா. தாசோம், அப்ப கூடைக்கு முதுகு காட்டாம திரும்பு."

"விட்டுட்டா அக்கா?"

"விட்டா அது என் தப்பு. நான்தானே குடுக்கறேன்."

பந்து நாரேயிடம் வந்தது. நொண்டிக்கொண்டே தட்டிக்கொண்டு போனாள், அவசரமே இல்லாமல். ஹேவோன் மூலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். நாரே அவள் பக்கம் தோளைத் திருப்பினாள். தாசோமை அடைத்திருந்த இருவரில் ஒருத்தி ஓர் அடி நகர்ந்தாள். அவ்வளவுதான், பந்து மேலே போய்விட்டது. இரண்டு நீளக் கைகள் கூட்டத்துக்கு மேலே எழுந்து அதைப் பிடித்தன. தாசோம் அதைக் கூடைப் பலகையில் பட மெதுவாகத் தட்டி விட்டாள், பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. முன்னால் இருந்த யாரோ ஒரு மனிதரின் தலையைக் கட்டிக்கொண்டு அழுததாக ஹேவோன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். இருக்கலாம். களத்தின் நடுவில் நாரே நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற நால்வரும் அவள் மேல் விழுந்தார்கள்.

அரை மணி கழித்து உடை மாற்றும் அறைக்கு வெளியே ஐஸ் பையோடு நான் காத்திருந்தேன். அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் முழங்காலில் கட்டிவிட்டேன். தாக் கோச் சற்றுத் தள்ளி நின்று பத்திரிகைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போது மோக்போ அணியின் மேலாளர் கோட்டைச் சரிசெய்துகொண்டு எங்களிடம் வந்தார். நரைத்த தலை, மரியாதையான மனிதர். தோற்ற அணியிலிருந்து கைகொடுக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

"அருமையா ஆடினீங்க. உங்க ஒப்பந்தம் இந்த சீசனோட முடியுதுல்ல?" என்று குரலைத் தாழ்த்தினார். "எங்ககிட்ட வாங்க. ஒண்ணாம் எண் உங்களுக்குத்தான், எழுதியே தரேன். சம்பளம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

தாக் கோச்சின் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. என் கையும் முடிச்சுப் போடாமல் நின்றது.

நாரே என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலியில் உதட்டைக் கடித்தாள், ஆனால் நேராக நின்றாள்.

"போன வருஷம் என்னைச் சும்மாவே எடுத்துட்டுப் போயிருக்கலாம் சார். பணமே போதும்னு சொன்னீங்க. இந்த வருஷமும் பணத்தையே வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள், வயதில் பெரியவருக்குச் செய்ய வேண்டியது போல ஒழுங்காக. பிறகு தாக் கோச் பக்கம் திரும்பி, "புது ஒப்பந்தம்னு வந்தா உங்களுக்கும் இதே பதில்தான் கோச், பட்டியல்ல முதல் பேரு என்னுதா இல்லேன்னா" என்றாள். சரி என்று அவர் தலையை ஆட்டினார். நாரே நொண்டியபடியே பஸ்ஸைப் பார்த்து நடந்தாள், அவள் பையைத் தூக்க மற்ற பெண்கள் அடித்துக்கொண்டார்கள்.